இரண்டு டெசிபெல்

ஒன்பது மணிக்கு ஆர்கன்.
பதினொன்றுக்கு டிரம்ஸ்.
நடுவில் நாற்பது நிமிடம் காப்பி.
எங்கள் சபையில் பிளவு ஏதுமில்லை என்று
போதகர் மேலிடத்துக்கு எழுதுகிறார்.
உண்மைதான், ஒரே பானைக் காப்பி.
கோப்பை கழுவுவது மட்டும்
எப்போதும் ஒன்பது மணிக்காரர்கள்.

வாரமெல்லாம் நான்
சர்க்கரைக் கிழங்கு லாரிகளை எடை போடுகிறேன்.
ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பலகை.
இரண்டு ஆராதனையிலும் கடைசிவரை இருப்பது
நானும் ஹீட்டரும்.

டிரம்ஸ் அடிக்கும் கோல்டனைக்
கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறோம்,
சத்தம் வெளியே வராதிருக்க.
பின்வரிசையிலிருந்து பார்த்தால்
மீன்தொட்டிக்குள் ஒருவன்
தீயை அடித்து அணைப்பதுபோல் இருக்கும்.

ஜனவரியில்
டகோட்டா பக்கமிருந்து வந்த காற்று
கதவை முட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு,
பதினொரு மணிக்கு ஆரின் டோலெஃப்ஸ்ருட் வந்தார்.
பன்றிப் பண்ணையை விற்றுவிட்டு
டவுனுக்குக் குடிவந்தவர்.
பாட வரவில்லை. அளக்க வந்தார்.
மூன்றாம் பாட்டில் என் மேசைக்கு நடந்துவந்து
செல்போனை நீட்டினார்:
தொண்ணூற்றி இரண்டு.
"தீனி வைக்கும் நேரத்தில்கூட
என் கொட்டகையில் இவ்வளவு வந்ததில்லை."

அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு
என் செல்போனைப் பலகைமேல் வைத்தேன்.
கெட்ட எண்ணம்தான், ஒப்புக்கொள்கிறேன்.
லவோன் கடைசிச் சரணத்தில்
எல்லாக் குழல்களையும் திறந்துவிடுவாள்.
பெஞ்சு அதிரும்.
ஜன்னலில் பேதுருவின் தாடி அதிரும்.
தொண்ணூற்றி ஏழு.

ஆரினிடம் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்,
மாட்டிப் பார்த்தார்.
"இருக்கலாம். ஆனால் அதற்குள் எனக்கு இடமிருக்கிறது."

இடமா?

ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து
கடைசி வரிசையைத் தொட்டார்.
விரல் நகத்தில் பாதியை என்றோ டிராக்டர் தின்றிருந்தது.
வாலைக் கீழே தொங்கவிட்ட கறுப்புப் புள்ளிகள்.
"அறுபது வருஷமாக இங்கேதான் குடியிருக்கிறேன்.
மேலே ராகம் அவர்களுடையது.
அடியில் நான் இல்லாவிட்டால்
கூரை கொஞ்சம் இறங்கும்.
உங்கள் திரையில் சொல் மட்டும்தான் வருகிறது.
எல்லாரும் ஒரே மாடியில் நிற்க வேண்டுமாம்.
என் தொண்டை அவ்வளவு படி ஏறாது."

நான் இதை ரசனைச் சண்டை என்று நினைத்திருந்தேன்.
குளிருக்கு இன்னும் கோட்டைக் கழற்றாமல்
அவர் புத்தகத்தை மூடினார்.

பிப்ரவரியில் ஓட்டெடுப்பு.
நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
லவோனின் மூட்டுவலியும் எரிவாயுக் கட்டணமும்
ஓட்டுச்சீட்டில் அச்சாகவில்லை,
ஆனாலும் அவைதான் ஜெயித்தன.
லெந்து முதல் ஒரே ஆராதனை, பத்து மணிக்கு.
ஆர்கன் பண்டிகைக்கு மட்டும்.

அந்த முதல் ஞாயிறு
ஆரின் நான்காம் பெஞ்சில் நின்றார்,
திறக்காத புத்தகம் கையில்.
புதுப் பாட்டு. நான்கே கார்டு,
சுற்றிச் சுற்றி வந்தது.
ஆறாவது சுற்றில் அவருடைய பன்றிகளுக்கே
மனப்பாடம் ஆகியிருக்கும்.

ஏழாவதில் எங்கோ அடியில் ஒன்று கேட்டது.
மைக்கில் இல்லை. பலகையில் விளக்கு எரியவில்லை.
ஹெட்போனைக் கழற்றினேன்.
யாரும் எழுதித்தராத ஒரு வரிசையை
அவர் தேடிக்கொண்டிருந்தார்,
இருட்டில் சுவிட்சைத் தடவுகிறவர்போல.
ஒரு இடத்தில் தவறினார். மறுபடி பிடித்தார்.
அதன்மேல் கீகனின் பேஸ் கிடார்
முழு எடையோடு உட்கார்ந்திருந்தது.

விரல் தானாகப் போயிற்று.
பூனைக்குக் கதவு திறக்கும் அளவுதான் இறக்கினேன்.

முடிந்ததும் கீகன் வந்தான்:
"இன்றைக்கு என் பேஸ் எங்கே போயிற்று?"
"வயர் லூஸ்" என்றேன்,
ஆசீர்வாதம் வாங்கி ஐந்து நிமிடம்கூட ஆகாத வாயால்.

போகிற வழியில் ஆரின்
கையுறையோடு செல்போனை நீட்டினார்.
தொண்ணூறு.
"இன்னமும் அதிகம்தான்" என்றார்.